மூன்று தரம் கூப்பிட்ட பெயர்

குடும்ப வழக்குப் பேசுகிறவளின் மேசையில் கடதாசியை விடத் தண்ணீர்ப் போத்தல்தான் முதலில் தீர்ந்துபோகும் என்பதைச் சட்டக் கல்லூரியில் யாரும் சாரங்காவுக்குச் சொல்லித் தரவில்லை. வருகிறவர்கள் கதிரையில் இருப்பார்கள், அழுவார்கள், தொண்டை காய்ந்து தண்ணீர் கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் வழக்கு என்னவென்றே தெரியவரும்.

அவள் புதுக்குடியிருப்புப் பிள்ளை. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து படித்து, கொழும்புக்குப் போய்ச் சட்டத்தரணியாகித் திரும்பி வந்தவள். வவுனியாவில் தொழில் பழக்கிய மூத்த சட்டத்தரணி, "காணி வழக்கை எடும் பிள்ளை. குடும்ப வழக்கெண்டால் ஆக்களின்ர கண்ணீரையும் சேர்த்து வீட்ட கொண்டுபோகவேணும்" என்று படித்துப் படித்துச் சொன்னார். சாரங்கா கேட்கவில்லை. வன்னியில் காணி போனவர்களுக்காகப் பேச ஆள் இருந்தது. புருசன் எங்கே என்று தெரியாமல் இருப்பவர்களுக்காகப் பேச ஆள் காணாது என்பது அவளுடைய எண்ணம். சரியான எண்ணம்தான். ஆனால் எண்ணம் சரியாக இருப்பவர்களும் வேலையில் பிழை விடுவார்கள்.

சுதாஜினி அவளிடம் வந்தது போன வருடம் மாரி தொடங்குகிற நேரம். முப்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை, சுமித்திரா என்று பெயர். பின்னால் வந்த குழந்தையின் தகப்பன் நிரஞ்சன் உள்ளே வரவில்லை. மோட்டார் சைக்கிள் திருத்துகிற கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"மிஸ், பிள்ளையின்ர பிறப்புப் பத்திரத்தில தாய் தகப்பன் கலியாணம் கட்டினவையோ எண்டு ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு இல்லை எண்டு எழுதிக் கிடக்கு. அதை மாத்தவேணும்" என்றாள்.

அதை மாற்றுவதென்றால் சுதாஜினியும் நிரஞ்சனும் பதிந்து கலியாணம் கட்டவேண்டும். அதற்கு முதல் சுதாஜினியின் பழைய கலியாணம் அறவேண்டும். அவள் யுத்தம் இறுகிவந்த காலத்தில், குமர்ப்பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கத் தாய் தகப்பன் பயந்த நேரத்தில், அவசரம் அவசரமாகக் குகதாசனுக்குப் பதிந்து கொடுக்கப்பட்டவள். ஒரு வருடம்கூடச் சேர்ந்து வாழவில்லை. கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக வெளியேறும்போது, நடக்க மாட்டாமல் பின்தங்கிப்போன தன் தாயைத் தூக்கிவரத் திரும்பிப் போனவன் குகதாசன். தாய் யாரோ ஒருவரின் சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டாள். அவன் வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை.

சாரங்கா இருக்கிற வழிகளை எடுத்துச் சொன்னாள். காணாமற்போனவர் என்று அரசாங்கம் கொடுக்கிற சான்றிதழால் கலியாணம் அறாது. மரணப் பத்திரம் எடுத்தால் அறும். இல்லையென்றால் கெட்ட எண்ணத்தோடு மனைவியைக் கைவிட்டுப் போனவர் என்று விவாகரத்து வழக்குப் போடலாம்.

"செத்திட்டார் எண்டு நான் கையெழுத்து வைக்க மாட்டன் மிஸ்" என்று சுதாஜினி உடனே சொன்னாள். "அவரைப் பெத்த மாமி இண்டைக்கும் அவற்ற படத்தைத் தூக்கிக்கொண்டு காணாமற்போன ஆக்களுக்கான போராட்டக் கொட்டிலில போய் இருக்கிறா. நான் போய் மரணப் பத்திரம் எடுத்தால் அவா உயிரோட இருக்க மாட்டா."

"அப்ப, விட்டிட்டுப் போனவர் எண்டு சொல்லவேணும்."

சுதாஜினி குழந்தையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். அவன் விட்டுப்போகிற ஆள் இல்லை என்பது அவளை விட யாருக்குத் தெரியும்? இருந்தும் கொஞ்ச நேரத்தில் தலையாட்டினாள். கொன்றுபோடுவதை விடக் கெட்டவனாக்குவது பரவாயில்லை என்று நினைத்திருப்பாள். சட்டம் ஒரு மனுசிக்கு வைத்த தெரிவு இவ்வளவுதான், இதற்குப் பெயர் நீதி.

வழக்குப் போட்டால் எதிராளிக்கு அழைப்பாணை போகவேண்டும். அவன் கடைசியாக இருந்த விலாசம் வேண்டும். முத்தையன்கட்டில் வாய்க்கால் ஓரமாக இருந்த மாமியின் வீட்டு விலாசத்தைச் சுதாஜினி கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "மாமிக்கு முதலே ஒருக்காச் சொல்ல வேண்டாமோ மிஸ்? நான் நிரஞ்சனோட வந்த பிறகு அவா என்னோட கதைக்கிறேல்லை. நீங்கள் போய்ச் சொன்னால் நல்லம்" என்றாள்.

"ஓம், பாப்பம். அது சும்மா ஒரு நடைமுறைதான். அழைப்பாணை குடுக்கிற பிஸ்கால்காரர் போவார், ஆள் இல்லையெண்டால் கதவில ஒட்டிப்போட்டு வருவார். அவ்வளவுதான்" என்றாள் சாரங்கா.

அவ்வளவுதான் என்று அவள் சொன்னதை நினைத்துப் பிறகு எத்தனை தரம் நாக்கைக் கடித்துக்கொண்டாளோ. போகத்தான் நினைத்தாள். ஒரு கிழமை மழை, மறு கிழமை வேறு வழக்கு, அதற்கடுத்த கிழமை மறந்தே போய்விட்டது.

வழக்குத் தவணை நாள் காலையில் முல்லைத்தீவு நீதிமன்ற விறாந்தை வழமைபோல நிரம்பியிருந்தது. கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டு வந்த சாரங்கா, கடைசி வாங்கிலில் ஒரு வயதான அம்மா தனியாக இருப்பதைக் கண்டாள். கோயிலுக்குக் கட்டுகிற நல்ல சேலை, நெற்றியில் திருநீறு. மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் மடித்த சேட்டும் சாரமும் தெரிந்தன. மற்றக் கையில் நான்காக மடித்த கடதாசி. மடிப்பைப் பார்த்தவுடனேயே அது நீதிமன்றக் கடதாசி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, ஆருக்காக வந்தனீங்கள்?"

"என்ர மகனுக்காகப் பிள்ளை. குகதாசன். இண்டைக்கு ஒன்பதரைக்கு இங்க கொண்டுவருகினம்." அம்மா கடதாசியை விரித்துக் காட்டினாள். "வயலுக்குப் போட்டு வந்து பாத்தால் கதவில ஒட்டிக் கிடந்தது. முழுப்பேரும் போட்டிருக்கு பாருங்கோ. செல்வநாயகம் குகதாசன். கட்டாயம் சமுகமளிக்கவேணுமாம். மிச்சச் சின்ன எழுத்து என்ர கண்ணுக்குத் தெரியேல்லை."

அது விமலேஸ்வரி, சுதாஜினியின் மாமி.

"அம்மா, இந்தக் கடதாசி..."

"எனக்கு விளங்குது பிள்ளை. இத்தனை வருசமா எத்தனை கந்தோருக்கு எழுதினனான். தகவல் இல்லை, பதிவு இல்லை எண்டுதான் மறுமொழி. இப்ப அவங்களே நாளும் நேரமும் போட்டு வரச்சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறாங்கள். ஆள் இல்லாட்டி அரசாங்கம் கடிதம் அனுப்புமோ?" அவள் வாங்கிலில் பக்கத்தில் இருந்த பொதியைத் தொட்டுக் காட்டினாள். "நாயாத்துக் கடல் இறாலும் முருங்கைக்காயும். அவனுக்கு விருப்பம். உள்ளுக்கு என்னத்தைச் சாப்பிடக் குடுத்தாங்களோ."

நீதிமன்றம் என்றால் சிறைச்சாலை பஸ்ஸில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிற இடம் என்றுதான் அவளுக்குத் தெரியும். அவளுடைய கண் வாசலை விட்டு நகரவில்லை. மன்றில் எத்தனையோ பேரை மடக்கிக் கேள்வி கேட்டவளுக்கு ஒரு தாயின் கணக்கைப் பிழையென்று சொல்ல நாக்கு எழவில்லை. அதற்குள் உள்ளே நீதிபதி வந்துவிட்டார். வழக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. நாலாவதாகச் சுதாஜினியின் வழக்கு.

வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிறவர் நெஞ்சை நிமிர்த்தி விறாந்தை முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார். எதிராளி வந்திருக்கிறாரா என்று பார்க்க மூன்று தரம் கூப்பிடுவது வழக்கம்.

"செல்வநாயகம் குகதாசன்!"

விமலேஸ்வரி எழும்பிவிட்டாள்.

"செல்வநாயகம் குகதாசன்!"

அவள் ரோட்டைப் பார்த்தாள், பின்பக்கக் கதவைப் பார்த்தாள். முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"செல்வநாயகம் குகதாசன்!"

ஒருவரும் வரவில்லை. கூப்பிட்டவர் உள்ளே திரும்ப, அவர் பின்னாலேயே விமலேஸ்வரியும் பையைக் கட்டிப்பிடித்தபடி மன்றுக்குள் நடந்தாள். யாரோ தடுக்கப் பார்த்தார்கள். நீதிபதி விடச்சொல்லிக் கைகாட்டினார்.

"நீங்கள் ஆர் அம்மா?"

"குகதாசன்ர தாய் ஐயா. நீங்கள்தானே கூப்பிட்டனீங்கள். நான் அவனைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

நீதிபதி சாரங்காவைப் பார்த்தார். சாரங்கா எழும்பி, எதிராளி கடைசியாக இருந்த விலாசத்துக்கு விவாகரத்து வழக்கின் அழைப்பாணை அனுப்பப்பட்டது என்று சொன்னாள். சொல்லும்போது தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. விவாகரத்து என்ற சொல்லோடு விமலேஸ்வரியின் தலை மெல்லத் திரும்பியது. முன்வரிசையில் சுதாஜினி, மடியில் குழந்தை. குழந்தை அம்மாவின் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. மாமி இருவரையும் பார்த்தாள். சிரிப்பு இறங்கியது.

நீதிபதி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அம்மா, உங்கட மகன் மனைவியை விட்டிட்டுப் போனவரோ? இப்ப எங்க இருக்கிறார் எண்டு தெரியுமோ?"

சாரங்கா தாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ர பிள்ளை ஒருத்தரையும் விட்டிட்டுப் போகேல்லை, என்னைத் தூக்கத்தான் திரும்பி வந்தவன் என்று தாய் ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு அந்த இடத்திலேயே படுத்துவிடும். அது உண்மையும்கூட. அந்த உண்மையை வைத்துக்கொண்டுதான் அந்த மனுசி இத்தனை வருடம் கொட்டிலில் வெயில் காய்ந்தாள். பிறகு சுமித்திராவின் பத்திரத்தில் அந்த "இல்லை" அப்படியே கிடக்கும்.

விமலேஸ்வரி பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். குழந்தையைத் திரும்ப ஒருமுறை பார்த்தாள்.

"ஓம் ஐயா. விட்டிட்டுப் போட்டான்" என்றாள். "அவளையும், என்னையும். எங்க எண்டு தெரியாது."

எதிராளி இல்லாமலே விசாரிப்பதற்கு வேறொரு தவணை கொடுக்கப்பட்டது.

வெளியே வந்த சாரங்கா, வேப்பமரத்தடியில் நின்ற விமலேஸ்வரியிடம் போனாள். சுதாஜினி பத்தடி தள்ளி நின்று அழுதாள். கிட்டப் போகப் பயம்.

"அம்மா, பிழை என்ரதான். நான் வந்து முதலே சொல்லியிருக்கவேணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஓம், சொல்லியிருக்கலாம்." அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சாரங்கா தாங்கியிருப்பாள். "பெரிய படிப்புப் படிச்சனீங்கள். முத்தையன்கட்டுக்கு பஸ் ஓடுது. நான் ராத்திரி நித்திரை கொள்ளாமல் அந்தச் சேட்டைத் தோய்ச்சு அயன் பண்ணினனான் பிள்ளை."

சாரங்கா அழுதுவிட்டாள். கறுப்புக் கோட்டோடு, கட்சிக்காரர்கள் பார்க்க, மரத்தடியில் நின்று அழுதாள். விமலேஸ்வரி அவளைத் தேற்றவுமில்லை, தள்ளவுமில்லை. சாப்பாட்டுப் பொதியை எடுத்துக்கொண்டு சுதாஜினியிடம் நடந்துபோனாள்.

"கொண்டுபோய்ப் பிள்ளைக்குக் குடு. வெய்யிலுக்குப் பழுதாப் போகும்."

எத்தனையோ காலத்துக்குப் பிறகு மாமி அவளோடு கதைத்த முதல் கதை அது. சுதாஜினி பொதியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். சேட்டும் சாரமும் பையிலேயே இருந்தன. அவற்றை விமலேஸ்வரி யாருக்கும் கொடுக்கவில்லை.

பஸ்ஸுக்குப் புறப்பட்டவள் திரும்பி வந்தாள்.

"பிள்ளை, அடுத்த தவணைக்கும் அவன்ர பேரைக் கூப்பிடுவினமோ?"

"கூப்பிடுவினம் அம்மா. ஆனால் நீங்கள் வரவேணும் எண்டு இல்லை."

"நான் வருவன். அவன்ர பேரை இப்பிடிச் சத்தமா ஒருத்தரும் கூப்பிட்டு எவ்வளவு காலம்." கொஞ்சம் யோசித்தாள். "முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்ப மாட்டான். பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான், வாத்திமார் குறை சொல்லுறவை. குகன் எண்டு கூப்பிடச் சொல்லுங்கோ."

சாரங்கா சொல்கிறேன் என்றாள். இந்தமுறை சொன்னதைச் செய்தாள். பெயர் கூப்பிடுகிறவரிடம் போய் வெட்கத்தை விட்டுக் கேட்டாள். அவர் நல்ல மனுசன்தான், ஆனாலும் தலையைச் சொறிந்தார். "வழக்கேட்டில இருக்கிற பேரைத்தான் நான் கூப்பிடலாம் மிஸ். வேற பேர் சொன்னால் என்ர வேலைக்குப் பிழை."

அடுத்த தவணை நாளில் விமலேஸ்வரி அதே சேலையோடு வந்தாள். பை இல்லை. வெறுங்கையோடு மன்றின் கடைசி வாங்கிலில் இருந்தாள். சுதாஜினி குழந்தையை நிரஞ்சனிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, ஒரு கணம் தயங்கி, மாமிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். மாமி கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள்.

வழக்கு வந்தது. வாசலில் பெயர் எழுந்தது.

"செல்வநாயகம் குகதாசன்!"

ஒன்று. இரண்டு. மூன்று. விறாந்தையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூப்பிட்டவர் உள்ளே வந்து, எதிராளி இல்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

விமலேஸ்வரி எழும்பினாள். வாசற்பக்கம் திரும்பினாள். வயலில் வேலை செய்கிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, முழுத் தொண்டையையும் திறந்து,

"குகன்! டேய் குகன்!" என்று கூப்பிட்டாள்.

பொலிஸ்காரர் ஒரு அடி எடுத்து வைத்தார். நீதிபதி வேண்டாம் என்று தலையசைத்தார். எழுதுவதற்கு எடுத்த பேனையை அவர் கீழே வைத்துவிட்டார். சாரங்கா வாசலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டம் படித்தவள், வழக்கைப் போட்டவள், அவளும்தான் பார்த்தாள். வந்துவிட மாட்டானா என்று அவளுக்கும் இருந்தது. வெளியே வெயிலில் ஒரு நாய் படுத்துக் கிடந்தது. ரோட்டில் ஒரு பஸ் ஆளை இறக்கிவிட்டுப் போனது.

விமலேஸ்வரி பஸ் போகிற சத்தம் அடங்குமட்டும் நின்றாள். பிறகு பக்கத்தில் இருந்த சுதாஜினியின் கையைப் பிடித்து எழுப்பி, சாட்சிக்கூட்டுப் பக்கமாக மெல்லத் தள்ளிவிட்டாள்.

"அவன் வரேல்லை ஐயா" என்றாள் நீதிபதியிடம். "இனி நீங்கள் எழுதுங்கோ."