கடல் மட்டத்தில் சிவப்புக் குமிழ்

ஏப்ரல் பதினொன்றாம் தேதி காலை, கடலோர விமானத் தளத்தின் இரண்டாம் கொட்டகையில், நாலு இருக்கை விமானம் ஒன்றின் மூன்றாம் சிலிண்டரைக் கழற்றினார்கள். புகை வெளியேறும் வால்வின் விளிம்பு கால்வட்டத்துக்கு எரிந்து போயிருந்தது.

விமானம் அக்காவுக்கும் தம்பிக்கும் பொது. கடலரிப்பைப் படமெடுக்கும் வேலைக்காக மலைத்தளத்திலிருந்து அதைக் கீழே கொண்டுவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இருவரும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். திங்கட்கிழமைக்குள் வேலை முடியாவிட்டால் அது வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

அக்கா வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கிளம்பும்போது சிவப்புக் குமிழை எங்கே வச்சிருந்தே?"

"எப்பவும் வைக்கிற இடத்துலதான்," என்றான் தம்பி. "ரெண்டு விரக்கடை வெளியே."

"நல்லா வறுத்து எடுத்திருக்கீங்க," என்றார் மெக்கானிக், தலையைத் தூக்காமல்.

எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் கூட்டவும் குறைக்கவும்தான் அந்தச் சிவப்புக் குமிழ். மலையில் காற்று மெலிசு. குமிழை இழுத்துப் பெட்ரோலைக் குறைக்காவிட்டால் எஞ்சின் திணறும். அங்கே எல்லோரும் இழுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். கடலோரக் காற்று கனம். முழு வேகத்தில் கிளம்பும்போது குமிழ் முழுக்க உள்ளே இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் பெட்ரோல்தான் எஞ்சினின் சூட்டைத் தணிக்கும். மேலே போய்ச் சீராகப் பறக்கும்போது குறைத்துக்கொள்ளலாம்.

"அங்கே இருந்தப்ப நீயும் இழுத்துதானேக்கா கிளம்புனே?"

"வரும்போது மலையையும் சுருட்டி எடுத்துக்கிட்டு வந்தியா?"

"பெட்ரோல் எவ்வளவு மிச்சமாச்சு, அதைப் பாரு."

"அதை இந்த ஓட்டையில ஊத்து." அவள் வால்வை மேசைமேல் வைத்தாள். "எஞ்சின் சூட்டைக் காட்டுற முள் சிவப்புல நின்னிருக்குமே. பார்க்கலையா?"

"பார்த்தேன். கடலோரம்னா வெயில் ஜாஸ்திதானேன்னு விட்டுட்டேன்."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. தெரியாமல் செய்திருந்தால் நாலு திட்டு திட்டி ஆறியிருப்பாள். இவன் முள்ளைப் பார்த்திருக்கிறான். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

"நேத்து இதே எஞ்சினை நம்பி நான் தண்ணிக்கு மேல தனியா போயிட்டு வந்தேன்டா."

தம்பி தரையைப் பார்த்தான். "சொல்லணும்னு தோணலைக்கா."

"சாவியைக் கொடு."

"எனக்கும் பாதி இருக்கு."

"பாதியை வச்சுக்க. சாவியைக் கொடு."

கொடுத்தான்.

புது சிலிண்டர் அடுத்த வாரம்தான் வந்தது. படமெடுக்கும் வேலை வேறு கம்பெனிக்குப் போயிருந்தது. விமானத்தை அக்கா தனியாக மலைக்கு ஓட்டிப்போனாள். தம்பி பஸ்ஸில் போனான்.