ஏணி மேலிருந்து ஒரு குரல்

என் கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் நான் போகிற இடமெல்லாம் அவர் குரல் கேட்கிறது. பாவம், பிரமை பிடித்துவிட்டது என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். எல்லோருக்கும்தான் கேட்கிறது. பேருந்தில் முன் இருக்கைக்காரர் போனில் கேட்கிறது. மருந்துக் கடையில் கேட்கிறது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுச் சிரிக்கிறார்.

"பிடிச்சுக்கிட்டியா? விட்டுடாதம்மா, உனக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

எங்களுடையது ஜன்னல் திரை தைத்து, வீட்டுக்கே போய் மாட்டிக் கொடுக்கும் கடை. தைப்பது நான், மாட்டுவது அவர். அவர் ஏணியில் ஏறினால் நான் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் மட்டும் போதாது. அவர் கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும், பதில் காதில் விழாமல் அடுத்த படியில் கால் வைக்க மாட்டார். கையில் டிரில்லும் வாயில் திருகாணியுமாக நிற்பவர் எங்கே திரும்பிப் பார்ப்பது? நாங்கள் சண்டை போட்டு முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்த நாட்களிலும் இந்த ஒரு பேச்சுக்கு மட்டும் விலக்கு உண்டு. உம்மென்று இருந்துகொண்டே, "பிடிச்சுக்கிட்டேன், ஏறுங்க" என்பேன்.

எங்கள் மகள் அதை ஒருமுறை வீடியோ எடுத்துக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டாள். அப்போது அதை ஈ காக்காகூடப் பார்க்கவில்லை. போன மழைக்காலத்தில் அவர் காய்ச்சல் என்று படுத்தார், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் எவனோ அந்த வீடியோவைத் தோண்டியெடுத்து, குரலை மட்டும் உருவி, திரையில் தொங்கும் ஒரு பூனைக்கு ஒட்டிவிட்டிருக்கிறான். அவ்வளவுதான், ஊரே பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்தால் இந்தக் குரல், குழந்தை சைக்கிள் பழகினால் இந்தக் குரல். என் பதிலை மட்டும் வெட்டிவிட்டார்கள். அவர் கேட்கிறார், கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அந்த வெட்டுதான் என்னைக் கொன்றது. குரல் காதில் விழுந்ததும் என் வாய் தானாகத் திறக்கும். ஒருநாள் பேருந்தில் சத்தமாகவே, "பிடிச்சுக்கிட்டேன், ஏறுங்க" என்று சொல்லிவிட்டேன். நடத்துனர் படிக்கட்டில் நின்றிருந்தவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே வந்தேன்.

மகளுக்கு வேறு கவலை. இப்போது ஏணியில் ஏறுவது அவள்தான். கடைப் பக்கத்தைப் பார்ப்பதும் அவள்தான். தெருமுனையில் புதிதாகத் திறந்திருக்கும் திரைக்கடைக்காரன் தன் வீடியோக்களில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, பாட்டில் தாளம் அடிக்கும் நேரம் பார்த்துத் திரையை இழுப்பான். ஜன்னல் வழியே வெயில் பாயும். அதற்கே ஜனங்கள் மயங்கி விழுந்தார்கள். எங்கள் பழைய வாடிக்கையாளர்களே அங்கே போனார்கள். மகள் என்னையும் அப்படி இழுக்க வைத்துப் பார்த்தாள். நான் இழுத்த இழுப்பில் திரை மாட்டியிருந்த ராடு கழன்று கையோடு வந்துவிட்டது. அதைப் போட்டிருந்தாலாவது நாலு பேர் சிரித்திருப்பார்கள்.

"எல்லாரும் அப்பா குரலை வச்சுப் போடுறாங்க. நாம மட்டும் போடலம்மா" என்றாள் அவள்.

"போட்டா?"

"அது நம்ம கடைன்னு தெரியும். இவருதான் எங்க அப்பான்னு தெரியும்."

"அவர் குரலைக் காட்டித்தான் திரை விக்கணுமாடி?"

"நீ வேணாம்னு சொன்னா மத்தவங்க நிறுத்திடப் போறாங்களா? இன்னும் நாலு நாள்தாம்மா. அப்புறம் டிரெண்ட் செத்துடும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இத்தனை நாள் இந்தச் சனியன் ஒழிந்தால் போதும் என்றிருந்தவள்தான் நான். நாலு நாளில் இந்தக் குரலும் எங்கும் கேட்காது என்றதும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "சரி, நாளைக்கு மாட்டுற வீட்டிலேயே எடு" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

புது வீடு அது. தரை கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. வீட்டுக்காரம்மா வேலைக்குப் போயிருந்தார். அவருடைய மாமியார் மட்டும் சோபாவில் சாய்ந்துகொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார். காது மந்தம் போலிருக்கிறது, அவர் போன் வைத்திருந்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். எங்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு, மறுபடியும் போன்.

மகள் ஏணியைச் சுவரில் சாய்த்து, இரண்டாவது படியில் நின்றபடி பென்சிலால் குறி போட்டுக்கொண்டிருந்தாள். வீடியோ வேலை முடிந்த பிறகு என்று பேசியிருந்தோம். ராடு வாசலோரம் இருந்தது. அதை எடுக்கப் போனேன். நீளமான ராடு, விளக்கில் இடித்துவிடக்கூடாதே என்று அதன் முனையையே பார்த்துக்கொண்டு திரும்பினேன்.

சோபாவிலிருந்து அவர் கேட்டார்.

"பிடிச்சுக்கிட்டியா? விட்டுடாதம்மா, உனக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"பிடிச்சுக்கிட்டேன், ஏறுங்க" என்றேன்.

மகள் ஏறினாள். திரும்பியே பார்க்கவில்லை. மூன்றாவது படி, நான்காவது படி. என் இரண்டு கையிலும் ராடு. ஏணிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கூடம் முழுக்க இருந்தது. நான் அவளைக் கூப்பிட வாயெடுத்தேன். அவள் எக்கிக் குறி போட்டபோது ஏணியின் கால் வழவழத் தரையில் வழுக்கியது. மெதுவாகத்தான் வழுக்கிய மாதிரி இருந்தது. ராடை எறிந்துவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் தரையில் கிடந்தாள்.

மாமியார் போனிலிருந்து தலையைத் தூக்கி, "என்னம்மா சத்தம்?" என்றார். அவர் கையில் அது மறுபடியும் முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பிடிச்சுக்கிட்டியா, பிடிச்சுக்கிட்டியா.

மணிக்கட்டு முறிந்திருந்தது. தலையில் அடிபடவில்லை, தப்பித்தாள் என்றார் மருத்துவர். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான். என் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

"நீ கேட்கவே இல்லையேடி" என்றேன். "நீ கேட்டு நான் சொன்னாத்தானே ஏறணும்? அது அந்தம்மா போன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு ஏறினே?"

அவள் கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். அழுகிறாளா என்று குனிந்து பார்த்தேன். அழவில்லை.

"அந்தக் குரலை நானும் தினம் கேட்கிறேன்மா. வெறும் குரல்னு தெரியும். ஆனா இன்னிக்கு அப்பா கேட்டாரு, நீ பதில் சொன்னே. சின்ன வயசுல பக்கத்து ரூம்ல படிச்சுட்டு இருக்கும்போது கேட்குமே, அதே மாதிரி. ரெண்டு பேரும் இருக்கீங்கன்னு நினைச்சுட்டேன். யோசிக்கவே இல்ல, ஏறிட்டேன்."

அவளுடைய நல்ல கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அந்த வீடியோ வேணாம்மா" என்றாள்.

"வேணாம்."

நாங்கள் போடாவிட்டால் என்ன, நாலு நாள் பாக்கி இருக்கிறது. அதுவரை எங்கே போனாலும் எவர் போனிலிருந்தாவது அவர் கேட்பார். பல்லைக் கடித்துக்கொண்டு நான் பேசாமல் நிற்க வேண்டும். அவர் கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்தது, அவர் உயிரோடு இருந்தவரை ஒருநாளும் கிடையாது.