காற்றாடிச் சுதி

எட்டுப் பாட்டும் பிரமாதம், ஆனால் எட்டுமே சுதி இறங்கியிருக்கிறது என்றான் பிரபு. பதிவான பாட்டுகளைச் சீர்செய்து, கீபோர்டு சேர்த்துக் கொடுப்பதற்காகச் சென்னையிலிருந்து வந்திருப்பவன். ‘கொண்டை ஊசி’ ராக் குழுவின் முதல் ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டும். இறங்கியிருப்பது அரைச்சுதிகூட இல்லை, அதற்கும் கொஞ்சம் கம்மி. எந்தக் கீபோர்டும் அப்படியே ஒட்டாது.

பாடுகிற பவதாரணி, கிதார்க்காரன் யோகராஜைப் பார்த்தாள். அவன் டிரம்ஸ் அடிக்கிற இனியவனைப் பார்த்தான். மூவருக்கும் விளங்கிவிட்டது.

போடி ஊருக்குள் எந்தத் தெருவில் வாசித்தாலும் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் போடிமெட்டுக்கு மேலே, பவதாரணியின் சித்தப்பா அழகுமலை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில்தான் இடம் கிடைத்தது. காய் உலர்த்தும் காற்றாடி போடுகிற இரைச்சலுக்கு முன் இவர்கள் இரைச்சல் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. சுதி பார்க்கும் கருவியை யோகராஜ் முதல் மாதமே ஜீப்பில் தொலைத்தான். காற்றாடிதான் விடாமல் ஒரே சுரத்தில் ரீங்கரிக்கிறதே, புதுசு எதற்கு என்று அதற்கே கம்பியை முறுக்கிப் பழகினான். பதிவன்றும் அப்படித்தான். காற்றாடியை ஓடவிட்டுச் சுதி சேர்த்தார்கள், அணைத்துவிட்டு வாசித்தார்கள்.

சுதியைக் கணினியிலேயே ஏற்றிவிடலாம் என்று பிரபு ஒரு பாட்டை உயர்த்திப் போட்டுக் காட்டினான். தோட்டத்து ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறும் பெண்களின் பேச்சைப் பாட்டாக்கியது அது. அடிவயிற்றிலிருந்து வந்த குரல், மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடினாற்போல மெலிந்து கேட்டது.

“யாரு இந்தப் புள்ள?” என்றாள் பவதாரணி.

“நீங்கதான்.”

“எங்க ஆத்தாகிட்டப் போட்டுக் காட்டுங்க. அடையாளம் தெரியலம்பா.”

இனியவனுக்குப் பயம். ஏற்றியே கொடுத்துவிடலாம், மொத ஆல்பத்திலேயே தப்பு என்று பேர் வாங்க வேண்டாம் என்றான். யோகராஜும் ஆமென்று தலையாட்டினான்.

“தப்புதாம்ப்பா,” என்றாள் அவள். “தெரியாமச் செஞ்சோம். இப்பத் தெரிஞ்சே செய்வோம். கீபோர்ட எறக்க முடியாதா?”

முடியும், நொடி வேலை என்று பிரபு ஒப்புக்கொண்டான். ஆனால் காது உள்ளவன் கேட்டால் பிழை என்றுதான் சொல்லுவான்.

“அப்ப அவுகளுக்கு மொதல்லயே சொல்லிருவோம். கெளம்புங்க, வெரசா.”

கீபோர்டு, கிதார், கணினி, மைக் எல்லாவற்றையும் ஜீப்பில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார்கள். ஸ்டோர் காலியாகக் கிடந்தது; இது காய்க்காலம் இல்லை.

“காயே இல்லாத அறைக்குக் காத்து எதுக்குத்தா?” என்றார் அழகுமலை.

“ஆல்பத்துக்குச் சித்தப்பா.”

“அது என்ன காயி?” என்று முணுமுணுத்தபடியே சுவிட்சைப் போட்டார்.

காற்றாடி இரண்டு தரம் இருமி, எழும்பி, தன் சுரத்தில் போய் நின்றது. பிரபு ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்து, ஏற்றாத பாட்டைப் போட்டான். மறு காதில் காற்றாடி. கீபோர்டைக் கொஞ்சங்கொஞ்சமாக இறக்கி ஒரு கட்டையை அழுத்தினான். எது கட்டை, எது காற்றாடி என்று பிரிக்க முடியவில்லை. யாரும் சொல்லாமலே மைக்கை எடுத்துக் காற்றாடிப் பக்கம் நட்டான். ஆல்பம் இந்தச் சத்தத்தில்தான் தொடங்கும், கேட்கிறவனுக்குச் சுதி எது என்று முதலிலேயே தெரிந்துவிடும் என்றான்.

உங்கள் இசையைப் பாதித்தவர்கள் யார் யார், ஆல்பத்தோடு எழுதிப் போட வேண்டும் என்றும் கேட்டான். யோகராஜ் போனில் கேட்டு வளர்ந்த வெளிநாட்டுக் குழுக்களையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னான். வளைவுக்கு வளைவு ஜீப்பு கியர் மாற்றுவதைப் போடச் சொன்னான் இனியவன். அவன் தாளமெல்லாம் அங்கே பிறந்ததுதான்.

“எல்லாத்தையும் போடுங்க,” என்றாள் பவதாரணி. “மொதப் பேரு காத்தாடி.”

“அணைக்கட்டா?” என்றார் அழகுமலை.

“இருங்க சித்தப்பா. ஜீப்புப் பாட்ட இதோட சேத்து ஒருக்காப் பாடிர்றேன்.”

அவள் மைக்கருகே போய் நின்றாள். யோகராஜ் கிதாரை மடியில் வைத்துக் கம்பியைத் தட்டிப் பார்த்தான். முறுக்க வேண்டியிருக்கவில்லை.