பொருந்தாத ஒரு கோப்பு

கடைகளில் விற்கும் மென்பொருள்களின் ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டுப் பட்டியலில் சேர்ப்பது அவள் வேலை. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். போலீசார் ஒரு கணினியைச் சோதிக்கும்போது, பட்டியலில் உள்ள கோப்புகளை ‘தெரிந்தவை’ என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அன்று மேசைக்கு வந்தது அவள் அண்ணன் எழுதிய தட்டச்சுப் பயிற்சி மென்பொருள். அவன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. முப்பத்தொரு கோப்புகளையும் சேர்த்தாள்.

அவன் எப்போதோ கொடுத்து, அவள் ஒருநாளும் திறக்காத அதே மென்பொருளின் பிரதி அவள் லேப்டாப்பில் கிடந்தது. ஏனென்று தெரியாமலே அதையும் சோதித்தாள். முப்பது கோப்புகள் பொருந்தின. ஒன்று பொருந்தவில்லை.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “வைரஸா இருக்கும்மா, திறக்காதீங்க.”

“இல்ல சார், எங்கண்ணன் குடுத்தது.”

திறந்தாள். தவறாகத் தட்டினால் திரையில் வரும் வாசகங்கள் அதில் இருந்தன. கடைப் பிரதியில் ‘மீண்டும் முயலவும்’ என்றிருந்த இடத்தில், இதில் ‘ஏய் வாலு, கண்ண எங்கடி வச்சிருக்க?’ என்றிருந்தது.

“இதையும் சேத்துடலாமா?” என்றார் அவர்.

“வேண்டாம் சார். இது விக்கிறதுக்கு வந்தது இல்ல.”

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் முதல் பாடத்தைத் தொடங்கினாள். வேண்டுமென்றே தவறான எழுத்தைத் தட்டினாள். அண்ணன் திட்டினான். மறுபடியும் தட்டினாள்.