ஐந்து ஆட்டத்தில் தோல்வி

"நீயா இருந்தா யாரைப் போடுவ?" என்று மார்லிஸ் என்னைக் கேட்டாள். இரண்டு வருஷம் முன்பு, ஐஸ் ஹாக்கி அரங்கத்துச் சிற்றுண்டிக் கடையின் ஜன்னலில் சாய்ந்துகொண்டு. நான் உள்ளே உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். அந்தக் கூச்சத்தில் மறுநாளிலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு என்னை யாராவது ஏதாவது கேட்டிருந்தால், அது கிரேவி தனியாகக் கிடைக்குமா என்பதாகத்தான் இருக்கும்.

அவள் கையில் கில்பர்ட்டின் தாள் இருந்தது. அரங்கத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். தளத்துப் பனியை உருக்கி எடுத்து, வெறும் சிமென்ட் தரை தெரிகிற ஏப்ரல் மாதத்தில், ஊரில் எல்லார் கையிலும் அந்தத் தாள் இருக்கும். பதினாறு அணிகள், எட்டுத் தொடர்கள், முதல் சுற்று. ஒவ்வொரு தொடரிலும் யார் முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பார்கள், அது எத்தனையாவது ஆட்டத்தில் முடியும் என்று எழுத வேண்டும். அணி சரியென்றால் இரண்டு புள்ளி. ஆட்ட எண்ணிக்கையும் சரியென்றால் இன்னும் ஒன்று. ஜெயித்தவர் பெயரை, கோல் காக்கிற கோலியின் பழைய மட்டை ஒன்றில் எழுதிக் கடை ஜன்னலுக்கு மேலே மாட்டுவார்கள். வேறு பரிசு கிடையாது. அந்த மட்டைக்குக் கீழே நின்றுதான் தினமும் நான் காபி ஊற்றுகிறேன்.

"பாஸ்டன். ஆறுல" என்றேன், எண்ணெயைப் பார்த்தபடி.

அவள் எழுதிக்கொண்டாள். "அடுத்தது?"

எட்டையும் சொன்னேன். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. குளிர்காலம் முழுக்க வானொலியில் ஆட்டம் கேட்டு எழுதிய நோட்டுகள் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தன. எந்த கோலி அடுத்தடுத்த நாள் ஆடினால் சோர்கிறான், எந்த அணி வெளியூர்த் தளத்தில் பயப்படுகிறது, எல்லாம் அதில் உண்டு.

அந்த வருஷம் மட்டையில் மார்லிஸ் பெயர் ஏறியது. அடுத்த வருஷமும். உள்ளூர் வானொலியில் காலை நேரத்தில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். கடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன். "மூணாவது ஆட்டத்துல கோலியோட கையைப் பார்க்காதீங்க, முழங்காலைப் பாருங்க" என்றாள். என் நோட்டில் இருந்த வரி. சும்மா பேச்சுவாக்கில் அவளிடம் சொல்லியிருந்தேன். பேட்டி எடுத்தவர் அதற்கு எவ்வளவு நேரம் சிரித்தார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவளும் கூடச் சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அன்று பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் முடி, அவள் கோட்டு, அவளுக்காக ஆட்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது, எதுவுமே பிடிக்கவில்லை.

இந்த வருஷம் கில்பர்ட்டிடம் எனக்கென்று ஒரு தாள் கேட்டேன்.

"உனக்கா?" என்றார். "உள்ளே ஆளே இல்ல, காபி தானா வருதுன்னுல்ல நினைச்சேன் இத்தனை நாளா."

என் பெயர் மட்டையில் வர வேண்டும். அதைத் தவிர வேறெதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஆனால் எட்டாவது தொடர் ஒன்று இருந்தது. தாராஸின் அணி. தாராஸ் எங்கள் அரங்கத்தில் பனியில் சறுக்கப் பழகி, பெரிய அணிக்கு ஆடப் போனவன். அவன் அம்மா வேர்னா என்னோடு அதே கடையில் பெரோகிக் கொழுக்கட்டை பிடிக்கிறாள். எங்கள் ஊரில் தாராஸுக்கு எதிராக யாரும் எழுதுவதில்லை. அறுபது தாளிலும் அந்த ஒரு வரி ஒரே மாதிரி இருக்கும். நான்கில் ஜெயிப்பானா ஏழில் ஜெயிப்பானா என்பதில்தான் சண்டை. மார்லிஸுக்குச் சொன்னபோதும் அந்த வரியில் நான் அப்படித்தான் சொன்னேன்.

என் நோட்டோ, ஐந்தில் தோற்பார்கள் என்றது. குளிர்காலத்தில் அந்த எதிரணியிடம் ஒரு ஆட்டம்கூட அவர்கள் ஜெயிக்கவில்லை. அவர்களுடைய நல்ல தடுப்பாட்டக்காரன் உடைந்த விரலோடு ஆடிக்கொண்டிருந்தான்.

தாள் கொடுக்கக் கடைசி நாள் மத்தியானம், மார்லிஸ் தான் முடி வெட்டுகிற சலூனிலிருந்து ஓடி வந்தாள். இடுப்பில் கத்தரிக்கோல் செருகியிருந்தது.

"ஹனியா, நீயே எழுதிடுடி. ஒருத்தி தலை நிறைய சாயத்தோட உக்காந்திருக்கா. பத்து நிமிஷத்துல அலசலேன்னா பச்சையாயிடும்."

தாளின் மேலே தன் பெயரை மட்டும் எழுதிவிட்டு ஓடினாள்.

என் தாளையும் அவள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஏழு வரி இரண்டிலும் ஒன்றாகவே எழுதினேன். எட்டாவதில் என் தாளில், தாராஸ், ஆறு ஆட்டம். அவள் தாளில், எதிரணி, ஐந்து ஆட்டம். ஊர் அவளை ஒரு தடவையாவது முறைக்கட்டும் என்று நினைத்தேன். வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை.

கில்பர்ட் எல்லாத் தாளையும் சுவரில் ஒட்டினார். ஒட்டிய பிறகு யாரும் தொடக் கூடாது. என்னுடையது கடைசி வரிசையில், குப்பைத் தொட்டிக்கு மேலே போயிற்று. அவளுடையது நடுவில்.

மறுநாள் காபி நேரத்தில் அத்தனை பேரும் அதன் முன்னால்தான் நின்றார்கள்.

"என்ன மார்லிஸ்," என்றார் கில்பர்ட், "ஸ்கூல் டான்ஸுக்கு தாராஸ் உன்னைக் கூப்பிடலயா? அந்தக் கோபமா?"

அவள் தாளைப் படித்தாள். பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். ஹனியாதான் எழுதினாள் என்று சொல்லப் போகிறாள் என்று, கையிலிருந்த கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அவசரத்துல வரி மாத்தி எழுதிட்டேன், வேர்னா ஆன்ட்டி," என்றாள். "மன்னிச்சிடுங்க."

வேர்னா மாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கை எழுதினது எழுதினதுதாம்மா" என்றாள்.

என்னைக் காப்பாற்றினாளா, தன் இரண்டு வருஷப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அழகாகச் செய்தாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வாரம் இரண்டு பெண்கள் முடி வெட்டிக்கொள்ள நாற்பது நிமிஷம் காரோட்டி அடுத்த ஊருக்குப் போனார்கள். வேர்னா அவளுக்குப் பெரோகி வைத்த தட்டில் வெங்காயம் போடவில்லை. எனக்கு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தது. பிறகு ஆட்டங்கள் தொடங்கின. தாராஸ் முதல் ஆட்டத்தில் தோற்றான். இரண்டாவதிலும். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே புரிந்தது. அவன் ஐந்தில் தோற்றால் அந்த மூன்று புள்ளி அவளுக்கு. மூன்றாவதில் ஜெயித்தான். தெரு முழுக்கக் கார் ஹாரன். என் நோட்டு பொய்யாக வேண்டும் என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன். நான்காவதில் தோற்றான். ஐந்தாவதிலும்.

முதல் சுற்று முடிந்த சனிக்கிழமை காலையில் கில்பர்ட் தாள்களைக் கழற்றிப் புள்ளிகளைக் கூட்டினார். மட்டையைக் கீழே இறக்கிக் கடைப் பலகையில் வைத்திருந்தார்.

"மார்லிஸ், இருபது. சொல்லவே வாய் கூசுது, ஆனா இருபது. அடுத்தது பதினேழு." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நம்ம ஹனியாவா இது? அடேயப்பா, காபி கணக்கும் போடுதே."

சிரித்தார்கள். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "என்ன வேடிக்கை, ஏழு வரியும் அச்சு அசல் ஒண்ணு."

வேர்னா கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். "கையெழுத்தும் ஒண்ணு," என்றாள். "ஏழுங்கிற எண்ணுக்குக் குறுக்கே கோடு போட்டிருக்கு பாரு. இது தினமும் மெனு பலகையில எழுதுற கை."

மார்லிஸ் முன்னால் வந்தாள். என் தாளை அதுவரை அவள் பார்த்ததில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். என் தாளின் எட்டாவது வரியில் விரல் நின்றது. தாராஸ், ஆறு ஆட்டம். அங்கிருந்து தன் தாளுக்கு நகர்ந்தது. திரும்பவும் என்னுடையதற்கு.

"எழுதும்மா," என்றார் கில்பர்ட், மட்டையைத் தள்ளிப் பேனாவைக் கொடுத்து. "யார் எழுதியிருந்தாலும் தாள்ல இருக்கிற பேருதான் சட்டம்."

அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள். மட்டையில் அவள் பெயர் இரண்டு தடவை, அதற்குக் கீழே வெறும் மரம். அதைப் பார்த்தாள். பிறகு மூடியைத் திரும்பப் போட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பேனாவை என் முன்னால் வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். கில்பர்ட் கதவைப் பிடித்துக்கொள்ளப் போனார். அதற்குள் அவளே தள்ளித் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.