டீட்கே பல் வைத்தியரின் கண்ணாடிக் கை

1898ஆம் ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய வாரம், பிரௌன்ஷ்வைக் நகரத்துப் பல் வைத்தியர் ரைன்ஹோல்ட் டீட்கேயின் இடது கை மணிக்கட்டு வரை கண்ணாடியாகிவிட்டது. அதே வாரம் முட்டை விலையும் ஏறியது. தெருவில் முட்டையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள் என்று சொன்னால் அது பொய். எதிர்வீட்டு மெர்டன்ஸ் அம்மாள் விலக்கி விலக்கிப் பார்த்ததில் அவள் வீட்டு ஜன்னல் திரையின் ஓரமே நைந்துபோயிற்று.

காரணம் தெரியாதவர் இல்லை. பல்லின் வேரைப் படம்பிடிக்கும் புது எக்ஸ்-கதிர்க் குழாய், காலையில் ஒரு குணம், மாலையில் ஒரு குணம் என்றிருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் நோயாளியின் வாயில் படத்தகட்டை வைக்கும் முன், வைத்தியர் தன் இடது கையைக் குழாய்க்கும் ஒளிரும் திரைக்கும் நடுவே நீட்டி, எலும்பு கறுத்துத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். அந்தத் தொழிலில் இருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். முதலில் தோல் சிவந்தது, பிறகு நகங்கள் உதிர்ந்தன. மருந்துக்கடைக்காரர் களிம்பு கொடுத்து, வெயில் பட்டிருக்கும் என்றார். பிப்ரவரி மாதத்து வெயில்!

அவர் மனைவி ஒட்டீலி தெருவிலுள்ள பெண்பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பவள். அந்த வருமானத்தில்தான் குழாயே வாங்கியது. கண்ணாடிக் கையின் வழியே செய்தித்தாள் படிக்க முடிந்ததை அவள் பொறுத்துக்கொண்டாள். சுண்டுவிரல் சூப்புக் கிண்ணத்தில் இடித்துத் துண்டாக விழுந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"வலிக்குதாங்க?"

"ஒண்ணுமே தெரியலையே."

"அதாங்க எனக்குப் பயமா இருக்கு."

அவருடைய கவலை வேறு. கண்ணாடிக்கு நிழல் விழாது. கையை நீட்டினால் திரை வெறுமையாக இருந்தது. குழாய் நல்லதா கெட்டதா என்று சொல்ல வழியில்லை. வலது கை பல் பிடுங்கும் குறடு பிடிக்கும் கை. ஆக, சாப்பாட்டு மேசையில் ஒரு வாரமாக அவர் மனைவியின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பார்வையெல்லாம் வேணாம். இந்தக் கை போச்சுன்னா பியானோவை நீங்களா வாசிப்பீங்க?"

அந்தச் சமயம் பார்த்து மெர்டன்ஸ் அம்மாளின் கன்னம் பூசணிக்காயாக வீங்கியது. கெட்ட பல் எதுவென்று தெரியாமல் வேறொரு வைத்தியர் ஏற்கெனவே இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கியிருந்தார். சீழ் கழுத்துக்கு இறங்கினால் ஆள் பிழைக்கமாட்டாள் என்று டீட்கே மெல்லச் சொன்னார். நாற்காலியில் கிடந்தவள் ஒட்டீலியின் பாவாடையைப் பற்றிக்கொண்டு விடவில்லை.

"ஊர் வம்பு பேசுன வாய்க்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்," என்றபடி ஒட்டீலி கையை நீட்டினாள்.

திரையில் அவள் கை எலும்புகள் மையாகக் கறுத்தன. வேர் அகப்பட்டது, மெர்டன்ஸ் அம்மாள் பிழைத்தாள். சேதி பரவி நோயாளிகள் வாசலில் நிற்க, ஒட்டீலியின் கையும் அறுவடைக்குள் கண்ணாடியாகிவிட்டது. அந்தக் கைபட்ட பியானோக் கட்டைகள் அழுந்தினவே தவிர ஒலிக்கவில்லை. மாணவிகள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். அக்டோபரில் மெர்டன்ஸ் அம்மாள் தானாகவே வந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"எத்தனை நாள்தான் நீயே நீட்டுவே? தள்ளிக்கோடி."

அவளுக்குப் பின் கசாப்புக்காரர், பிறகு தபால்காரர். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எங்கள் தெருவுக்குக் குடிவருகிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் வாடகையைச் சொல்லி, தண்ணீர்க் குழாயைக் காட்டி, அவர்கள் கை நீட்டவேண்டிய கிழமை எது என்பதையும் சொல்லிவிடுகிறார்கள்.