அக்காவுக்குத் தனி மருந்து

அக்காவும் தம்பியும் மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் கடையில் அக்கா தொட்ட தாமிரக் கம்பியெல்லாம் மேலே பூசிய எனாமல் உறையை உதிர்த்துவிட்டு அம்மணமாகக் கிடக்கத் தொடங்கியது, அவளுக்கு முப்பத்தொரு வயது முடிந்த மாதத்தில். அதே வாரம் அவளுடைய இடது கால் மரத்தது. கம்பி விற்றவரிடம் தம்பி சண்டைக்குப் போனான்; அவர் வேறு சுருள் கொடுத்தார்; அதுவும் உரிந்தது. மூன்றாம் வருஷம் தம்பிக்கு வலது கண் மங்கி, அவன் மேசையிலும் எனாமல் தூள் கொட்டியது. நரம்பு டாக்டர் இரண்டு பேருக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்து மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்றார். உடம்பின் காவல்படையே புத்தி பிசகி நரம்பின் மேலுறையை உரிக்கிறதாம். உறை போன கம்பி பக்கத்துக் கம்பியைத் தொட்டுக் கருகிவிடும் என்று அந்த இருவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ரத்தத்தில் மரபணுவைப் பார்த்த பிறகு தம்பிக்கு மாத்திரை எழுதினார். அக்காவுக்கு அது ஆகாது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ட்ரிப்பில் ஏற்றும் வேறு மருந்துதான் என்றார்.

"கூடப் பிறந்தவங்கதான். ஆனா இந்த மாத்திரையைக் கரைச்சு வெளியேத்துற மரபணு உங்க ரெண்டு பேருக்கும் வேற வேற மாதிரி இருக்கு. அவங்க உடம்புல இது தேங்கி, இதயத் துடிப்பையே மெதுவாக்கிடும்."

மூன்றே மாதத்தில் தம்பியின் கம்பிகள் உரிவதை நிறுத்தின. அக்காவின் மருந்து ஆமை வேகத்தில் வேலை செய்தது. அவள் கைத்தடிக்கு வந்துவிட்டாள். தம்பிக்கு மனசு கேட்கவில்லை. பாதி பென்சில், பாதிப் போர்வை, வாங்கிய அடியில்கூடப் பாதி என்று அவளோடு பங்கு போட்டே வளர்ந்தவன். மாத்திரையைத் தினமும் இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அவளுக்குத் தெரியாமல் அவள் டீயில் கலக்கினான். பாவம், எவ்வளவு பாசமோ அவ்வளவு அசடு.

பதினெட்டாம் நாள் காலையில் அவன் மேசையில் கம்பி மறுபடி உரிந்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

"மாத்திரை ஒழுங்கா போடறியாடா?"

அவன் வாய் திறப்பதற்குள் அவள் ஸ்டூலிலிருந்து சரிந்தாள். ஆஸ்பத்திரியில் எண்ணினார்கள், நாடி நிமிஷத்துக்கு முப்பத்தாறு. டாக்டரிடம் தம்பி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, சுவரில் முகத்தை வைத்து அழுதான். ஐந்து நாள், அவள் பிழைப்பாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பிழைத்தாள். கண் விழித்து, நடந்ததை டாக்டர் சொல்லக் கேட்டதும் முதல் காரியமாக அவனைக் கூப்பிட்டாள்.

"உன் பாதி எனக்கு வேணாண்டா. நீ முழுசா இரு, அது போதும்."

அவளுக்கென்று சொன்ன மருந்து மெல்ல மெல்லப் பிடித்தது. இடது காலுக்கு உணர்வு திரும்பவில்லை, வலது காலுக்குப் போகவில்லை. இப்போதும் வருஷத்துக்கு ஒரு முறை அவள் மேசையில் ஒன்றிரண்டு சுருள் உரிகிறது. அவள் தூளைக் கூட்டி அள்ளுகையில் வாடிக்கையாளர்கள் பேச்சை நிறுத்தாமல் கால்களை மட்டும் தூக்கிக்கொள்கிறார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்குத் தம்பி அவள் எதிரில் வந்து நின்று, மாத்திரையை உடைக்காமல் விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவனுக்கு நாற்பத்தாறு வயதாகிறது. காட்டுகிறான்.